ஜாக்குக்கும் மேரிக்கும் முறை இல்லை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. நின்றுபோகவிருந்த ஒரு கல்யாணத்தின் கதை சொல்கிறேன். மாப்பிள்ளை அமெரிக்கா, பெண்ணும் அமெரிக்கா. பஞ்சாயத்து மட்டும் கச்சிராயபாளையத்தில்.

"இந்தக் கல்யாணம் நடக்காது," என்றார் ஆதிமூலம். கூட வேலை செய்யும் பிச்சைமுத்துவோடு கரும்பு வெட்டிவிட்டு வந்தவர் கைகூடக் கழுவவில்லை.

அவர் மனைவி அமிர்தம் போனில் தொடர்கதை எழுதுகிறவள். குதிரையும் துப்பாக்கியுமாகத் திரிந்த அந்தக் காலத்து மேற்கு அமெரிக்கா. குதிரைக்காரன் ஜாக், மாட்டுப்பண்ணைக்காரர் மகள் மேரி. அமிர்தம் அமெரிக்காவைக் கண்டாளா? ஜாக் இறங்கிவரும் மலை பக்கத்துக் கரியாலூர் மலை மாதிரியே இருக்கும். மேரி அவனுக்குக் கம்பங்கூழ் ஊற்றுவாள். அன்று சாயங்காலம் கடைசி அத்தியாயம் போட்டாக வேண்டும். எதை எழுதினாலும் முதலில் புருஷனுக்குப் படித்துக் காட்டுவாள்.

"ஏங்க நடக்காது? பொங்கல்லேர்ந்து காதலிக்கிறாங்க, பாவம்."

"மூணாவது அத்தியாயத்துல ஜாக்கோட அப்பன் மேரி அப்பன இன்னான்னு கூப்ட்டான்? அண்ணான்னான். அப்ப ஜாக்குக்கு மேரி இன்னா முற? தங்கச்சி! கருமம், கருமம்!"

அமிர்தம் போனில் தேடிப் பார்த்தாள்: அண்ணாவேதான். அந்த அத்தியாயத்தை ஊரே படித்தாகிவிட்டது. இனி அழிக்க முடியாது.

"ஜாக்கோட அம்மாவும் அவர அண்ணான்னு கூப்ட்டாங்கன்னு எழுதிடறேன். தாய்மாமன் ஆயிடுவாரு. மேரி மொறப்பொண்ணு!"

"புருசனும் பொண்டாட்டியும் ஒரே ஆள அண்ணான்னா, அவங்க ரெண்டு பேருமே அண்ணன் தங்கச்சி ஆயிடறாங்களேடி. ஒரு கல்யாணத்த காப்பாத்தப் போயி இன்னொன்னயும் கெடுத்துட்ட."

துணி மடித்துக்கொண்டிருந்த மகள் ரம்யா களுக்கென்று சிரித்தாள்.

"சரி, மேரிக்கு நெஜமான அப்பா கதையில வர்ற அந்த போலீஸ்காரர்னு வெச்சிடலாங்க."

"ஏய்! மேரியோட அம்மா தங்கமான பொம்பள. செத்துப்போனவங்க மேல பழி போடாத!"

"அப்ப ஜாக்கு குதிர ஏறிப் போயிடட்டும்," என்றாள் அமிர்தம். "மேரி அழுதுக்கினே அந்தக் குடிகார வில்லன கட்டிக்கட்டும்." விரல் போனில் ஓடத் தொடங்கியது.

"நிறுத்துடி!"

ஜாக்குக்குக் குண்டடி பட்ட அன்று சோறு வேண்டாம் என்று எழுந்து போன மனிதர் அவர். எப்படித் தாங்குவார்?

"அந்தக் குடிகாரன் கையிலயா பொண்ணக் குடுக்கறது? கூட வேல செய்யறவன் மரியாதைக்கு அண்ணான்னா ரத்தம் ஒண்ணாயிடுமா? அது வாய் வார்த்த. மனசு ஒத்துப்போச்சில்ல, கட்டி வெச்சிடு. எவனாச்சும் கேட்டா ஆதிமூலம் சொன்னான்னு சொல்லு!"

அமிர்தம் அதை அப்படியே மேரியின் அப்பா வாயில் வைத்தாள். மாதாகோயில் மணி அடித்தது. ஜாக் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாலி கட்டினான். ஆதிமூலம் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

ரம்யா துணியைக் கீழே வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப பிச்சைமுத்து சித்தப்பாவ நாளைக்கே பொண்ணு கேட்டு வரச் சொல்லிடறேம்பா, அவரும் உங்கள அண்ணான்னு கூப்புடறாரேன்னுதான் நானும் அவரு பையன் அஜித்குமாரும் இத்தினி நாளா பயந்துக்கினு இருந்தோம்."

உங்கள் வீட்டு வாசலிலும் வாழைமரம் கட்டும் நாள் வரட்டும், கண்ணுகளா. மனசுக்குப் பிடித்த கழுத்திலேயே மாலை விழட்டும்.