முந்நூற்று எண்பதாவது மீட்டரில் ஒரு குழாய்

அன்று சாலையில் இருந்தவர்கள்: நான், அக்கா, மச்சான், ஜேசிபி ஓட்ட வந்த ஓர் அண்ணன், குடை பிடித்து வேடிக்கை பார்த்த முக்கால்வாசித் தெரு. இல்லாதவர்கள்: அந்தச் சாலையை வடிவமைத்தவர், போட்டவர், அதன் அடியில் குழாயைப் புதைத்தவர். இந்த மூவரில் ஒருவர் வந்திருந்தாலும் என் மானம் தப்பியிருக்கும். மூவருக்கும் பதிலாக நானே போதும் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அதுவும் சிவில் இன்ஜினியரிங். அதனால் மோட்டார் ஓடாவிட்டாலும், டிவியில் கோடு விழுந்தாலும், “தம்பியக் கூப்பிடு, இன்ஜினியர்ல்லா” என்பார்கள். (ஒருமுறை பெரியப்பாவின் பல்வலிக்கும் கூப்பிட்டார்கள். போனேன்.) தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே அக்காவும் மச்சானும் ஒரு கொட்டகை வைத்திருந்தார்கள். வெளுத்து வரும் பேண்டேஜ் துணியை அளந்து, வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டு அனுப்பும் தொழில். கொட்டகையை ஒட்டி ஒரு பழைய சாலை. மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் அதன் மேலேறி அந்தப் பக்கம் போய்விடும். அரை நாள் பஸ் வராது. வேறு தொந்தரவு இல்லை.

அந்த ஒன்றரை கிலோமீட்டரை நாலடி உயர்த்திப் புதுச் சாலை போட்டார்கள். வெள்ளக் காலத்தில் நிவாரண வண்டிகள் நிற்காமல் போக வேண்டுமாம். நான் அதில் நடந்து பார்த்துவிட்டு, “அருமையான டிசைன் மச்சான், இனிமே எம்புட்டு மழை பெஞ்சாலும் கவலையே இல்ல” என்று சான்றிதழ் கொடுத்தேன். யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

அடுத்த கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. தண்ணீர் வழக்கம்போல வந்தது. நாலடிச் சாலையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அடியில் ஒரேயொரு சிமெண்ட் குழாய், அதுவும் மண்ணடைத்து, எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கிடந்தது. மேலே நிவாரண ஜீப்புகள் காய்ந்த சாலையில் விர்ரென்று போயின. (டிசைன் அந்த வகையில் வெற்றிதான்.) கீழே அக்காவின் கொட்டகை வாசற்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

உள்ளே இருந்தது அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். சாயங்காலம் லாரி வரும். ஏற்றாவிட்டால் அந்த வேலை வேறு கொட்டகைக்குப் போய்விடும். தண்ணீரை உறிஞ்சவே செய்த துணி அது. ஒரு சாண் உள்ளே வந்தாலே அடிவரிசை முழுதும் குடித்துவிடும்.

“ஏலே தம்பி, குழாய் எங்கிட்டு இருக்கும்? நீதாம்ல சொல்லணும்” என்றாள் அக்கா.

காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த கல்லூரி நண்பன் ஒருவனிடம் கேட்டு, வரைபடத்தை போனில் வாங்கினேன். குழாய் முந்நூற்று எண்பதாவது மீட்டரில். முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு சாலையின் ராஜபாளையம் முனைக்குப் போனேன்.

“முன்னாடி தண்ணி எப்பவும் அந்தக் கடைசியில, புளிய மரத்துக்கிட்டதான் தாண்டும்” என்றாள் அக்கா.

“அக்கா, வரைபடத்துல புளிய மரமே இல்ல.”

“தரையில இருக்கேலே!”

“நீ உள்ள போய்த் துணிய மேல ஏத்து. இது டெக்னிக்கல் விஷயம்.”

பன்னிரண்டு முழு டேப், பிறகு இருபது மீட்டர். சாலையோரத்தில் குதிகாலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, “தோண்டுங்கண்ணே” என்றேன்.

“தம்பி, நல்லாத் தெரியும்லா?” என்றார் ஜேசிபி அண்ணன்.

“நான் சிவில்ண்ணே.”

அவர் ஜேசிபியின் கையை இறக்கினார். மூன்றாவது கொத்தில் ‘டம்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. ஊருக்கே போகிற குடிநீர்க் குழாய்.

ஜேசிபி அண்ணன் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “தம்பி, தண்ணிய வெளிய விடச் சொன்னியளா, உள்ள விடச் சொன்னியளா?”

அதுவரை வேடிக்கை பார்த்த கூட்டம் வீட்டுக்கு ஓடியது. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். குடத்தோடு திரும்பி வந்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகியிருந்ததாம். முழங்கால் வெள்ளத்தில் நின்றுகொண்டு வரிசை போட்டுக் குடிநீர் பிடித்தார்கள்.

“ஏட்டி, தள்ளி நில்லு, நாந்தான் முன்னாடி வந்தேன்!”

“இன்ஜினியர் தம்பி, செத்த நேரம் அடைச்சுராதய்யா, இன்னும் ரெண்டு குடம்!”

என் படிப்பால் ஊருக்கு நேரடியாகக் கிடைத்த முதல் பயன் அதுதான். ஆனால் அந்தத் தண்ணீரும் அக்காவின் கொட்டகைப் பக்கமே ஓடியது. “அடிவரிசை போச்சு!” என்று உள்ளிருந்து அக்கா கத்தினாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

மச்சான் என் கையிலிருந்த போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மூலையில் எறும்பு போல ஓர் எழுத்து வரிசை.

“மாப்ளே, பூச்சியம் எங்க இருக்கு பாத்தியா? வில்லிபுத்தூர் பக்கம். கடைசியில இருந்து அளந்திருக்க.”

சாலை என்றால் அது ராஜபாளையத்தில்தான் தொடங்கும் என்று நினைத்தேன். ராஜபாளையத்தில் பிறந்த எவனும் அப்படித்தான் நினைப்பான். மச்சான் வில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரர். டேப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுமுனையிலிருந்து அளந்தோம். முந்நூற்று எண்பதாவது மீட்டரில் புளிய மரம் நின்றது. ஜேசிபி நாலு வாளி மண்ணை அள்ளியதும், குழாய் ஓர் ஏப்பம் விட்டுத் தண்ணீரை விழுங்கத் தொடங்கியது. மூன்று மணிக்குள் வாசற்படி தெரிந்தது. லாரி வந்தது. மேல்வரிசைகள் தப்பின. ஆர்டரும் தப்பியது. லாரிக்காரர் சாலையைப் பார்த்து, “நல்ல ரோடு” என்றார்.

பிறகு நாங்கள் ஊரோடு கையெழுத்துப் போட்டு இன்னும் இரண்டு குழாய் கேட்டோம். மனுவை நான்தான் எழுதினேன். எந்த முனையிலிருந்து என்பதை மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார். குழாய்களும் வந்தன.

நனைந்த துணி மருந்துக்கடைக்கு ஆகாது என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம். அதனால் எங்கள் சொந்தத்தில் இன்றும் ஒருவரும் அடுப்படிக் கரித்துணி வாங்குவதில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அக்கா, “தம்பி கெட்டிக்காரன், ஆனா வழி சொன்னா மட்டும் மறுபக்கமாப் போயிருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் குடித்தாள். (பெண் சிரித்தாள். அவளைத்தான் கட்டினேன்.)

அன்று உடைந்த குழாய், ஜேசிபி வாடகை, அடிவரிசைத் துணி எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் ஆனது.