நரி வீட்டு மொட்டையம்மா

ஒரு காட்டில், கரண்ட் கம்பியெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, ஒரு நரிக் குடும்பம் இருந்தது. அப்பா நரி வேம்பன். அம்மா நரி செவத்தா. ஒரே மகள் குருவம்மா.

ஒருநாள் சந்தையில் கோழிக்குஞ்சுகள் மலிவாகக் கிடைத்தன. வேம்பன் மூன்றை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது.

"இப்பவே தின்னுடலாமாப்பா?" என்று கேட்டது குருவம்மா.

"லூசு. இப்ப தின்னா பல்லிடுக்குலயே நின்னுரும். வளர்த்து, கோயில் திருவிழாவுக்கு அடிச்சா குடும்பமே சாப்பிடலாம். பொறுமை வேணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் இங்கேயே பொறுமையின் பெருமை என்று கதையை முடித்திருப்பார்கள். பொறுமையாக இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்று குஞ்சுகள் குளிரில் நடுங்கின. வேம்பன் பெட்டிக்குள் ஒரு எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டது. வெளிச்சம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. சூடுதான் இல்லை.

"ஏங்க, குண்டு பல்புதான் சூடு கொடுக்கும். இதைப் போட்டா பிள்ளைங்க விறைச்சுப் போகும்" என்றது செவத்தா. 'பிள்ளைங்க' என்று சொன்னதை அதுவே கவனிக்கவில்லை.

குண்டு பல்பு எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் செவத்தா தன் வாலையே பெட்டிக்குள் சுருட்டிப் போட்டது. குஞ்சுகள் அந்த வாலுக்குள் புகுந்து தூங்கின. அவற்றில் ஒன்றுக்குக் கழுத்தில் ஒரு முடிகூடக் கிடையாது. அது விழித்ததும் செவத்தாவைப் பார்த்து "அம்மா" என்றது.

குருவம்மா அதற்கு மொட்டையம்மா என்று பேர் வைத்தது.

"பேர் வைக்காதடி. அப்புறம் தொண்டையில இறங்காது" என்று கத்தியது வேம்பன். மறுநாள் காலையில் அதுவே நொய்யரிசியும் கையுமாக நின்று, "மொட்டையம்மா, ஒரு வாய் சாப்பிடு தாயி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

காட்டில் கோழிக்கழிச்சல் பரவியது. கால்நடை மருந்தகத்தில் நீள வரிசை. வேம்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது. பின்னால் நின்ற ஆடு, தன் குட்டியைக் காலுக்கு நடுவில் மறைத்துக்கொண்டு, "என்னண்ணே, சாப்பாட்டுக்கே வைத்தியமா?" என்றது.

"வாயை மூடு. என் பிள்ளைங்க."

கம்பவுண்டர் கரடி நிமிர்ந்தது. "குஞ்சுகளோட அப்பா பேரு?"

"வேம்பன், சார். நான்தான்."

கரடி நரியின் பல்லை ஒருதடவை பார்த்தது. பிறகு எழுதிக்கொண்டு, சொட்டு மருந்து விட்டு, "அடுத்த ஆள்" என்றது. சந்தேகப்படுவது அதன் வேலை இல்லை.

குஞ்சுகள் பிழைத்துக் கொழுத்தன. திருவிழாவும் வந்தது. மசாலா அரைத்தாயிற்று. சொந்தக்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்தாயிற்று. வேம்பன் கொல்லையில் கத்தி தீட்டியது. மொட்டையம்மா பக்கத்தில் வந்து நின்றது.

"அப்பா, திருவிழான்னா என்ன?"

"விருந்து, கண்ணு."

"எங்களுக்கும் உண்டா?"

வேம்பன் கத்தியைக் கீழே போட்டுவிட்டது.

"மொட்டையம்மாவைத் தொட்டீங்க, நான் கிணத்துல குதிச்சிருவேன்" என்று குருவம்மா அழுதது. "வாலுக்குள்ள வச்சு வளர்த்தேனே" என்று செவத்தா மூக்கைச் சிந்தியது. உள்ளே இருந்து ஒரு பெரியப்பா நரி, "என்னப்பா, இலை போடலாமா?" என்று குரல் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரே ஒப்பாரி. வேம்பன் எட்டிப் பார்த்தது. அங்கே காட்டுப்பூனைக் குடும்பம், தான் வளர்த்த மூன்று கோழிகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. அங்கேயும் மசாலா அரைத்தாயிற்று.

நரியும் பூனையும் ஒன்றை ஒன்று பார்த்தன.

"மச்சான், தப்பா நினைக்காதே. உன் கோழிங்க மேல எனக்குப் பாசம் ஒண்ணும் கிடையாது" என்றது பூனை.

"உன் கோழிங்க பேருகூட எனக்குத் தெரியாது மாப்ளே."

"நானும் சொல்ல மாட்டேன்."

வேலிக்கு மேலே கோழிகள் கைமாறின.

"அப்பா, நான் எங்க போறேன்?" என்று கேட்டது மொட்டையம்மா.

"பூனை மாமா வீட்டுக்கு, கண்ணு. விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க."

அன்று இரண்டு வீட்டிலும் குழம்பு நன்றாக அமைந்தது. செவத்தா இரண்டாம் தடவை கறி வாங்கிக்கொண்டு, "நம்ம மொட்டையம்மா இருந்திருந்தா இந்நேரம் இலை ஓரத்துல வந்து கொத்தியிருக்கும்" என்று கண்ணைத் துடைத்தது.

"சாப்பிடும்போது அழாதே" என்று அதட்டியது வேம்பன். "உடம்புல ஒட்டாது."

நீதி: வளர்த்த பிள்ளையைத் தின்பது மகா பாவம், பக்கத்து வீடு என்று ஒன்றைக் கடவுள் படைத்தது அதற்காகத்தான்.