உக்ரேனுக்குப் போக ஓர் உக்கிராண விண்ணப்பம்

அன்று எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று: திருக்கோவிலூரில் மாலை ஐந்து மணிக்குள் ஒரு விண்ணப்பத்தைக் கொடுப்பது.

அது என் தங்கை மகள் தமிழரசியுடையது. தில்லியில் உக்ரேனிய நாட்டுப்புறப் பாடல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தாள். கீவ் நகர நூலகங்களில் படிக்காமல் ஆய்வேடு முடியாது, கையில் பணமில்லை. திருக்கோவிலூரில் கல்யாண மண்டபம் நடத்தும் முதலாளி ஒருவர் ஆண்டுதோறும் ஓர் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை தருவார். விண்ணப்பம் தமிழில்தான் இருக்கவேண்டும்.

இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சிக் காலம். தபால் தாமதமாகி, அவள் எழுதிய வரைவு கடைசி நாளன்றுதான் கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியையாக இருந்த என் கைக்கு வந்து சேர்ந்தது.

அதில் "உக்ரேனிய" என்றிருந்தது. ககர ஒற்றையடுத்து ரகரமா? தமிழ் பொறுக்குமா? சிவப்பு மையால் "உக்கிரேனிய" என்று திருத்தி, தட்டச்சுக் கடைக்காரரிடம் உரக்க வாசித்தேன். அடித்துக் கொடுத்ததை இருமுறை சரிபார்த்தேன். "ஆய்வு கட்டுரை" என்பதில் ஒற்று விடுபட்டிருந்தது. விட்டேனா! கடைக்காரரை மறுபடி அடிக்க வைத்தேன்.

"ஒரு எழுத்துக்கு இம்மாம் சத்தமா டீச்சர்?"

"அந்த எழுத்துக்குத்தான் ஐயா எனக்குச் சம்பளம்!"

தியாகதுருகத்தைத் தாண்டியதும் பேருந்து நின்றது. சாலையின் குறுக்கே வெட்டிய புளியமரம். அதன்மேல் மறியல்காரர்கள்.

"ஒரு வண்டியும் போவாது, எறங்கு!" என்ற மீசைக்காரன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "ஐயோ, டீச்சரா! நான் ஏழுமலைங்க. மரத்துக்குப் பெரிய 'ற' போட்டேன்னு முட்டி போட வெச்சீங்களே!"

"இப்போதாவது மரத்தைச் சரியாக எழுதுகிறாயா?"

"இப்ப வெட்டறதோட சரிங்க!"

அவனே கைகொடுத்து என்னை மரத்தைத் தாண்ட வைத்தான். புடைவை கிளையில் மாட்டிக் கிழிந்தது. ஒரு செருப்பு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. அப்பால் ஒரு கரும்பு டிராக்டர் கிடைத்தது. கொண்டையில் கரும்புச் சோகை சூடி, ஒற்றைச் செருப்போடு போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம்.

முதலாளி வாய்விட்டுப் படித்தார்: "உக்கிராண நாட்டுப்புறப் பாடல்கள்..."

வாங்கிப் பார்த்தேன். மூன்று பக்கத்திலும் உக்கிராணம்! கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு பூட்டிவைக்கும் அறை! தட்டச்சுக்காரர் தமக்குத் தெரிந்த சொல்லாக அடித்துவிட்டார். ஒற்றைத் தேடிய என் கண்ணுக்குச் சொல் தெரியவில்லை!

சிவப்புப் பேனாவை எடுத்தேன். கணக்குப்பிள்ளை பதறினார்.

"கை வெச்சிடாதீங்கம்மா! அடிச்சித் திருத்தினா செல்லாது. மணியும் அஞ்சு ஆவப்போவுது."

முதலாளிக்கோ பெருமகிழ்ச்சி. "இத்தினி வருசமா உக்கிராணத்தை எவனாவது கண்டுக்கினானா? என் மண்டபத்துல முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் முந்திரி காணாப் போவுது! ஆமா, இதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போவணும்?"

பேனாவை மூடினேன்.

"அங்கே உக்கிராணங்கள் பெரியவை" என்றேன்.

"அப்பிடிப் போடுங்க! முந்திரிய எப்பிடிக் காபந்து பண்றாங்கன்னு பாத்துக்கினு வரட்டும்." கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தமிழரசி கீவ் போனாள். சில மாதம் கழித்து எழுதிய கடிதத்தில் கேட்டாள்: "பெரிம்மா, முதலாளி மாசாமாசம் முந்திரியப் பத்திக் கேட்டு லெட்டர் போடறாரே, ஏன்?"

இப்போதெல்லாம் அயல்நாட்டுப் பெயர்கள் எந்த ஒற்றோடு வந்தாலும், வணக்கம் சொல்லி உள்ளே விட்டுவிடுகிறேன்.