கந்தகம் கைமாறிய கதை

பெண் பார்க்கப் போன இடத்தில் யாராவது கந்தகத்தைப் பற்றிப் பேசுவார்களா? நான் பேசினேன். அதுவும் பஜ்ஜி ஆறிப்போகும்வரை.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். சல்பர் டை ஆக்சைடையும் தயோனில் குளோரைடையும் கலந்தால், இரண்டிலும் உள்ள கந்தக அணுக்கள் எந்த வழியில் இடம் மாறிக்கொள்கின்றன என்பது என் கவலை. (தயோனில் குளோரைடு யாரென்று கேட்காதீர்கள். என் அம்மாவே கேட்டதில்லை.)

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்த சமயம். நன்னிலம் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுக்குச் சித்தப்பாவோடு போயிருந்தேன். வரம்புக்கு மேலிருந்த வயல்களை அவர் மச்சினன், சமையற்காரர் என்று கண்ட பேரிலெல்லாம் எழுதிவைத்திருந்தது ஊருக்கே தெரியும். நான்தான் கந்தகத்தில் இருந்தேனே.

பெண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எப்படியாவது அசத்திவிட வேண்டும்!

"தம்பி என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்றார் மிராசுதார்.

"கைமாறுறத கண்டுபிடிக்கிறதுங்க. வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா இங்க இருந்தது அங்க போயிருக்கும்."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தானா மாறாதுங்க. நடுவுல வினையூக்கின்னு ஒருத்தர் வேணும். மாத்திவிட்டுட்டு, கடைசியில அவர் பழையபடியே இருப்பார்."

"அத எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"முன்னாடியே அடையாளம் போட்டுடுவோம். எங்க ஒளிஞ்சாலும் மிஷின் காட்டிக் குடுத்துடும்."

"மிஷின் கவர்மெண்டோடதா?"

"ஆமாங்க!" என்றேன் பெருமையாக.

சித்தப்பா தொடையில் கிள்ளினார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, காபி டம்ளர்களை நகர்த்தி மீதியையும் விளக்கினேன். மிராசுதார் எழுந்து உள்ளே போனவர் திரும்பவேயில்லை.

"கெடுத்தியேடா! தாசில்தார் அனுப்புன ஆளுன்னு நெனச்சிட்டாருடா உன்னை!" பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சித்தப்பா திட்டிக்கொண்டே வந்தார். பினாமி விவகாரமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண் போச்சு என்று நான் தாடி வளர்க்க ஆரம்பித்தேன்.

தாடி சரியாக முளைப்பதற்குள் சம்மதம் வந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவனை வெளியில் விடுவதைவிட மாப்பிள்ளையாக்கிவிடுவது உத்தமம் என்று மிராசுதார் முடிவு செய்திருந்தார். கல்யாணமான கையோடு சில வயல்கள் என் பேருக்கும் வந்தன. அவை எந்தத் திசையில் இருந்தன என்பதுகூட எனக்குத் தெரியாது. கெடுபிடி தணிந்ததும், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் மனைவி முடிப்பாள்:

"வினையூக்கி கடைசியில பழையபடியே இருக்கும்னாரே, இவரோட ஆராய்ச்சியில அது ஒண்ணுதான் சரியா வந்துது. நெலம் இவர் பேருல வந்துது, போச்சு. இவர் அப்படியேதான் இருக்காரு."