ரெண்டு பேட்டரி, ஒரு வார்த்தை

லாரியில் அலற அலறப் பாட்டு வைத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். திமிர் பிடித்தவன், இல்லையென்றால் காது மந்தம், இல்லையென்றால் ரெண்டும். நானும் அப்படிப் பேர் வாங்கினவன்தான். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். வீட்டில் கேட்பதற்கு எதுவும் இல்லை, அதுதான் கோளாறு.

கல்யாணமான அடுத்த வருஷமே என் மனைவி கோமதி நர்ஸ் வேலைக்குக் குவைத் போய்விட்டாள். வீட்டுக்கு மாடி எடுப்பதுதான் திட்டம். மாடியும் எடுத்தாயிற்று. கீழே நான் ஒருத்தன், மேலே யாரும் கிடையாது. (புழங்க ஆளில்லாத வீட்டுக்கு மாடி எதுக்கு வே என்று கொத்தனாரே கேட்டுவிட்டார். வேலையை முடித்துக் கூலி வாங்கின பிறகுதான் கேட்டார்.) சாயங்காலம் கதவைத் திறந்தால், காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். கழுவக்கூடத் தோன்றாமல் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு டம்ளரைப் பார்த்துக் கலங்குகிறவன் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

பிழைப்பு மினி லாரி. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றி, சங்கரன்கோவில் மார்க்கெட்டில் இறக்குவேன். திரும்பும்போது கிடைத்த லோடு. கிளீனர் கிடையாது. பேச்சுத் துணைக்கு ஒரு பழைய செட், அதில் ரெண்டு ஸ்பீக்கர். என்ஜின் சத்தத்தில் அது பாடுவது எனக்கே கேட்காது. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆடியோ கடை வைத்திருந்த மைதீனிடம் போய், சத்தம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றேன். அவன் வாழ்நாளெல்லாம் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போலிருக்கிறது.

முதலில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்தான். பாட்டு கும்மென்று ஏறியது. கூடவே, தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. எதிரே வந்தவர்கள் நான் அவசரமாக வழி கேட்பதாக நினைத்து ஒதுங்கினார்கள். ஒரு போலீஸ்காரர் ஒதுங்கவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

"அண்ணாச்சி, உங்க வண்டி கரண்டு பத்தல. பெரிய ஆல்டர்னேட்டர் போடுவோம். பாட்டுக்குன்னு தனியா இன்னொரு பேட்டரி. வயரு பெருவிரல் தண்டிக்கு இழுத்துருதேன். பொறவு பாருங்க" என்றான் மைதீன்.

போட்டோம். கேபினுக்குள் ரெண்டு ஸ்பீக்கர், கூரைமேல் ரெண்டு பெரிய பெட்டி. கூரைமேல் எதற்கு என்றால், மத்தியானம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நான் தனியாகச் சாப்பிடுவேன், அப்போது வெளியேயும் கேட்க வேண்டும். அதே காரணத்துக்காக, சாவியை அணைத்தாலும் செட் பாடிக்கொண்டே இருக்கும்படி பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுக்கச் சொன்னேன். கோமதி நைட் டூட்டி முடிந்து பஸ் ஏறுமுன் பத்து நிமிஷம் பேசுவாள். ஸ்டீயரிங் பிடித்த கையோடு போனைத் தேடி அந்த அழைப்பைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு. அதனால் போன் அடித்ததும் செட்டே எடுத்து ஸ்பீக்கரில் விடும்படி மாற்றி, நான் பேசக் கேபினுக்குள் ஒரு சின்ன மைக்கும் மைதீன் வைத்துக் கொடுத்தான். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல யோசனைதான். எல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று நானும் யோசிக்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இதற்கிடையே கோமதியின் ஒப்பந்தம் முடியப் போகிற சமயம். இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கவா என்று ரெண்டு வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் துடிக்கும். ஆனால் நல்ல வேலை, நாளைக்கு உங்களால்தான் விட்டேன் என்று ஒரு சொல் வந்துவிட்டால்? அதனால் பெரிய மனிதன் மாதிரி "உன் இஷ்டம்" என்பேன். போனை வைத்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவேன்.

அன்றைக்குக் காலையில் மார்க்கெட் உள்ளே பின்பக்கமாக வண்டியை விட்டு நிறுத்தினேன். என்ஜினை அணைத்து, இறக்க முறை வரும் வரைக்கும் ரெண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டேன். பிறகு போனைச் சார்ஜில் போட்டு, பாட்டை ஓடவிட்டபடியே இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். சாவி உள்ளேயே தொங்கியது. இந்தக் கதவு உள்ளே குமிழை அமுக்கிச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும், பழக்க தோஷத்தில் அமுக்கியிருக்கிறேன். அது தெரியாமல் பின்னால் ஏறித் தார்ப்பாய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு சட்டென்று நின்றது.

"ஏங்க, சாப்பிட்டியளா?"

மார்க்கெட் முழுக்கத் திரும்பியது. என் மனைவி குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"சாப்பிட்டாச்சும்மா" என்றார் தேங்காய்க் கடை அண்ணாச்சி, மரியாதைக்கு.

நான் குதித்து ஓடிக் கதவை இழுத்தேன். அசையவில்லை. கண்ணாடி மேலே விரல் நுழையும் அளவு திறந்திருந்தது. அதற்குள் கோமதி தொடர்ந்தாள்: "நேத்தும் புரோட்டாதானே? அந்தப் பச்சைப் பனியனத் தூரப் போடுங்க. வீடியோவுல பாத்தேன், முதுகுல ஓட்டை." நூறு கண்கள் என் முதுகைத் தேடின. சட்டைக்குள் அந்தப் பனியன்தான் இருந்தது.

"என்ன, ஒண்ணும் பேசாம இருக்கிய? சரி, கேளுங்க." குரல் இறங்கிவிட்டது. கூரைமேல் இருந்த பெட்டிகள் அந்த இறங்கின குரலையும் விடாமல் பூக்கடை வரைக்கும் கொண்டுபோயின. "இன்னைக்கு ஆபீஸ்ல சொல்லியாகணும். கேட்டா உன் இஷ்டம்னு சொல்லுதிய. எனக்கு இங்கன இருக்க இஷ்டமில்ல. ரூமு நிறைய ஆளு, பேச ஒரு ஆளு கிடையாது. ஆனா நீங்க கூப்பிடாம நானா எப்படி வருவேன்? வந்துருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கையெழுத்துப் போடல."

மார்க்கெட்டில் பேரம் நின்றது. மூட்டை தூக்கினவர் தூக்கின நிலையிலேயே நின்றார். இவளும் அங்கே ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. வெங்காயக் கடை மாரியம்மக்கா இடுப்பில் கை வைத்து, "என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு? சொல்லும்" என்றாள்.

கண்ணாடி இடுக்கில் வாயை வைத்து, வயிற்றிலிருந்து கத்தினேன்: "வந்துரு!"

நான் மட்டும் கத்தியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல காரியம் நடக்கும்போது சும்மா நிற்கத் தெரியாது. தேங்காய்க் கடை அண்ணாச்சி "வந்துரும்மா" என்றார். லோடுமேன்கள் அத்தனை பேரும் "வந்துரு" என்றார்கள். பூக்கடையிலிருந்து ஒரு குலவைச் சத்தம் வேறு. கேபின் மைக் இது எல்லாவற்றையும் வாங்க, கூரைமேல் இருந்த பெட்டிகள் ஊஊ என்று ஊளையிட்டன.

"என்ன சத்தம் அது? தேரு இழுக்காங்களா?" என்றாள் கோமதி. "ஒண்ணுமே கேக்கல. சரி, பஸ்ஸு வந்துட்டு." அவள் வைத்துவிட்டாள். விட்ட இடத்திலிருந்து பாட்டு ஓடத் தொடங்கியது. நல்ல குத்துப்பாட்டு.

யாரோ இரும்பு ஸ்கேலைக் கண்ணாடிக்குள் விட்டுக் கதவைத் திறந்து கொடுத்தார்கள். உள்ளே தாவி, செட்டை அணைத்து, போனைக் காதில் வைத்து அவளைக் கூப்பிட்டேன். எடுத்தாள். வெளியே கண்ணாடியில் ஏழெட்டு முகம்.

"அங்கன என்ன கலவரம்?"

"ஒண்ணுமில்ல. மார்க்கெட்டுல்லா."

"நான் கேட்டதுக்கு என்ன சொல்லுதிய?"

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஊரறியக் கத்தின வார்த்தை. நாக்கில்தான் இருந்தது. அவள் காதுக்கு மட்டும் என்று வந்தவுடன் எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் போய்விட்டது. நான் சொன்னேன், "உன் இஷ்டம்மா."

"சரி" என்றாள். வெளியே மாரியம்மக்கா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கிளம்பலாம் என்று சாவியைத் திருகினால் 'டிக்' என்றது. காலையிலிருந்து என்ஜின் ஓடாமல் பாடினதில், செட் பாட்டுப் பேட்டரியைத் தின்று முடித்து, வண்டிப் பேட்டரியையும் சேர்த்துத் தின்றிருந்தது. (ரெண்டையும் ஒன்றாக இணைத்தால் ரெண்டும் ஒன்றாகத்தான் சாகும் என்று மைதீன் பிறகு விளக்கினான்.) பெரிய ஆல்டர்னேட்டர் சும்மா உட்கார்ந்திருந்தது. அதே கூட்டம்தான் வந்து வண்டியைத் தள்ளியது. வழக்கமாகத் தள்ளுகிறவர்கள் ஏதாவது தாளத்துக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு அவர்கள் "வந்துரு, வந்துரு" என்று தள்ளினார்கள். ராஜபாளையம் ரோடு வரைக்கும் தள்ளினார்கள்.

மார்க்கெட் பேச்சு என் மச்சினன், அதாவது கோமதியின் தம்பி, மூலமாக அவளுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாளாம். பிறகு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த ரெண்டு நாள் என் வீடு இருந்த இருப்பை நான் சொல்ல மாட்டேன்.

மார்க்கெட்டில் எனக்கு இன்றும் 'வந்துரு' என்றுதான் பேர். "வந்துரு வண்டி வந்துட்டா?" என்று கேட்டுத்தான் லோடே போடுகிறார்கள். மாமனார் வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்ததும் மச்சினன் இந்தக் கதையை எடுப்பான். குலவை போடுவதற்கு ஆள் வேறு வைத்திருக்கிறான். கூரைப் பெட்டிகளைக் கழற்றிவிட்டேன்.

கோமதி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பேசும்போது, "சங்கரன்கோயிலே கேட்டுச்சு, எனக்கு மட்டும் கேக்கல. ஒரு தடவ சொல்லுங்களேன்" என்றாள். நடுவீட்டில் நின்றுகொண்டு சொன்னேன்.

"கேக்கல" என்றாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு, மார்க்கெட்டில் கத்தின மாதிரியே கத்தினேன். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வருவா வே, வருவா" என்று தறிக்காரர் குரல் வந்தது.

அது அவளுக்குக் கேட்டுவிட்டது. சிரித்தாள், ரொம்ப நேரம் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.