நின்றாலும் குற்றம், நிற்காவிட்டாலும் குற்றம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிப் பிழைக்கும் அடியேன், எழுதிக்கொள்வது. இங்கு நான் இடுப்பைத் தவிர நலம். தங்கள் தங்கை முட்டியைத் தவிர நலம். அங்கு தாங்களும் அக்காவும் சகல உறுப்புகளோடும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முட்டியில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதமாகிறது. "முட்டி தேறிடுச்சு, பயம்தான் தேறல" என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனாலும் யாராவது தூக்கிவிடாமல் உங்கள் தங்கை எழுந்திருப்பதில்லை, தினம் இருபது தடவை தூக்கித் தூக்கி என் இடுப்பு கழன்றுவிட்டது. அதனால்தான் பட்டறையில் கிடந்த ஒரு மோட்டாரைப் பூட்டி, பொத்தானை அமுக்கினால் ஆளை மெல்லத் தூக்கி நிறுத்தும் நாற்காலி ஒன்று செய்தேன். அவளோ, "எங்க அண்ணன் இருக்கிற தரக் கமிட்டி முத்திரை இல்லாத கரண்ட் சாமான்ல நான் உட்கார மாட்டேன்" என்று ஒரே பிடியாகப் பிடித்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டிகூட உங்கள் முத்திரையைக் காட்டிய பிறகுதான் சூடாகியிருக்கிறது, அது உங்களுக்கே தெரியும்.

சரி, முத்திரைதானே என்று கமிட்டி ஆபீசுக்குப் போனால், வீட்டுச் சாமானுக்கு நீல விதிப் புத்தகம், நோயாளிச் சாமானுக்குப் பச்சைப் புத்தகம், வீட்டிலிருக்கும் நோயாளிக்கு இரண்டும் என்றார்கள். மிக்ஸி ஓடினால் ரேடியோ கொரகொரக்கும் இல்லையா, அந்த மாதிரி மின்காந்த இடையூறு வந்தால் நாற்காலி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. இடையூறு வந்தால் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், அது ஒழியும்வரை அசையக் கூடாது என்கிறது நீலம். எந்த இடையூறு வந்தாலும் நிற்கவே கூடாது, நோயாளியைத் தூக்கி நிறுத்தியே தீர வேண்டும் என்கிறது பச்சை. நீலத்துக்கு ஏற்றபடி செய்தால் பச்சைப் புத்தகத்தை வைத்துச் சோதிக்கும் பச்சைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார், பச்சைக்கு மாற்றினால் நீலத்தை வைத்துச் சோதிக்கும் நீலக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை பூட்டினேன். கடைசியில் எனக்கும் ரோஷம் வந்து, இரண்டு சர்க்யூட்டையும் ஒரே நாற்காலிக்குள் திணித்து, இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கே வரவழைத்துவிட்டேன்.

அன்று நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன்! உங்கள் தங்கை கூடத்து மூலையில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக்காரர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். பச்சைக்காரர் உரிமையோடு சமையலறைக்குள் புகுந்து எங்கள் மிக்ஸியை முழு வேகத்தில் போட்டுவிட்டு வந்தார். நாற்காலி பாதி உயரம் போனதும் ஒரு சர்க்யூட் நில் என்றது, இன்னொன்று போ என்றது. ஓர் அங்குலம் ஏறும், நிற்கும், ஓர் உதறு உதறும். "பார்த்தீங்களா, நின்னுடுச்சு!" என்றார் நீலக்காரர், பல் கிடுகிடுக்க. "எங்க சார் நின்னுச்சு? ஆடிக்கிட்டுல்ல இருக்கு!" என்றார் பச்சைக்காரர். "அதை அப்புறம் பேசுவோம், முதல்ல என்னை இறக்குய்யா!" நாற்காலி கவிழாமல் நான் முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டேன், பச்சைக்காரர் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரில் யார் கையை விட்டாலும் மனிதர் குப்புற விழுவார். "யாராவது அந்த மிக்ஸியை நிறுத்தித் தொலைங்களேன்!" என்று வீடே அதிரக் கத்தினார் நீலக்காரர். உங்கள் தங்கை போய் அணைத்த பிறகுதான் மனிதர் தரைக்கு வந்தார். இருவரும் ஆளுக்கொரு 'தேறவில்லை' எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே வண்டியில் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

எரிச்சலில் இரண்டு புத்தகத்தையும் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கமிட்டி உறுப்பினர் பட்டியல். நீலத்தில் மூன்றாவது பெயர் நீங்கள். பச்சையில் ஐந்தாவது பெயரும் நீங்கள்! செவ்வாய்க்கிழமை நிற்கச் சொல்லி, வியாழக்கிழமை நிற்காதே என்று கையெழுத்துப் போட்டால் அந்த நாற்காலி என்னதான் செய்யும் மச்சான்? நீங்கள் உங்களையே ஒரு டீ சாப்பிடக் கூப்பிட்டு, மனம்விட்டுப் பேசி ஒரு முடிவுக்கு வரக் கூடாதா? கெஞ்சிக் கேட்கிறேன், இரண்டில் ஒன்றை ரத்து செய்யுங்கள். அவள் தானாக எழுந்து நாலு அடி வைப்பதைப் பார்க்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்கள் இரண்டு கமிட்டியிலும் நீடூழி வாழ்ந்து, கூடிய சீக்கிரம் ஒரே கருத்தோடு விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
இடுப்பு கழன்ற தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: நாலு நாள் முன்பு, உறையில் போடுவதற்காக மடிக்கும் முன் கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். மிக்ஸியை அணைத்த இடம் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்தேன். "ஏண்டி, அன்னைக்கு உன்னை யாரு தூக்கிவிட்டா?" என்றேன். அவளும் திருதிருவென்று முழித்தாள். "நீங்க நாற்காலியைல்ல பிடிச்சுக்கிட்டிருந்தீங்க... அந்த ஆளு போட்ட சத்தத்துல முட்டி ஞாபகமே வரலீங்க!" மச்சான், அழுதுவிட்டேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? தயவுசெய்து இரண்டு புத்தகத்திலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் நானே மிக்ஸியைப் போட்டுவிட்டு, கவிழாமல் சுவரோடு கட்டிவைத்த நாற்காலியில் ஏறிப் பாதியில் மாட்டிக்கொண்டு கத்துகிறேன். "மனுஷியை நிம்மதியா ஒரு இடத்துல உட்கார விடுறாரா!" என்று திட்டிக்கொண்டே எழுந்து வருகிறாள். இதை எழுதும்போதும் என் கால் தரையில் இல்லை, கையெழுத்துக் கோணலை மன்னிக்கவும். இதோ, கூடத்தைத் தாண்டிவிட்டாள்.