என் மனைவியின் மூக்கை அளந்தவர்

வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே மூக்களந்தான் அளக்காத மூக்கு என்று ஒன்று இருந்ததென்றால் அது என்னுடையது மட்டும்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

எண்பதுகளில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது நல்ல வேலை. மூக்களந்தான் என்று ஊரே பெயர் வைத்த அவர் அங்கே பேட்டர்ன் மேஸ்திரி. ஒரு ஷூவுக்கு எந்தத் துண்டு எந்த வடிவத்தில் வேண்டும் என்று அட்டையில் வெட்டிக் கொடுப்பவர். அவர் அட்டை வெட்டினால்தான் நான் தோல் வெட்ட முடியும். பொறாமைப்பட இது ஒன்றே எனக்குப் போதும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஈயக் கம்பி வைத்திருப்பார். எதன் மேல் வைத்து அழுத்தினாலும் அந்த வளைவு அப்படியே கம்பியில் பதிந்துவிடும். கால் அளக்கத்தான் அந்தக் கம்பி. அவரோ கால்களை மதிப்பதே இல்லை.

"காலு இன்னா பெரிய காலு? பத்து பேரு காலப் பாத்தா ஊரு காலப் பாத்த மாதிரி. மூக்கப் பாரு தோஸ்த்! ஒன்னு மாதிரி இன்னொன்னு இருக்குதா?"

டீக்கடைக்காரரின் மூக்கு, வாட்ச்மேனின் மூக்கு, சர்ச்சுக்கு மணியடிப்பவரின் மூக்கு எதையும் விட்டதில்லை. ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கக் குனிந்தபோது அவர் மூக்கில் கம்பியை வைத்துவிட்டார். கண்டக்டர் கையில் விசில் இருக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை. ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள், இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள், விசில் இல்லாததால் பஸ் மட்டும் அங்கேயே நின்றது. "ஆடாத நைனா, கம்பி கோணிக்கும்" என்று இவர் அதட்டிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வந்த வெள்ளைக்காரரையும் விடவில்லை. மேனேஜர் சாம்பிளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது, மூக்களந்தான் நடுவில் புகுந்து துரையின் மூக்கில் கம்பியை அழுத்தினார். மேனேஜருக்கு முகம் வெளிறிவிட்டது. துரையோ இது ஏதோ இந்த ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பிறகு மேனேஜர் மூக்கிலும் அதே மரியாதையைச் செய்யச் சொன்னார். செய்யப்பட்டது.

எனக்கும் ஆசை இருக்காதா? ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மேஸ்திரி, என்து?"

அவர் கண்ணாடியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். "உன்துக்கு கம்பி தேவையில்ல தோஸ்த். கடையில ரெடியா கெடைக்கிற ஸ்டாக் சைஸ்."

அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது பள்ளிகொண்டாவில். காலையில் நான் ஆம்பூருக்குப் பஸ் ஏறுவேன். என் மனைவி சரோஜா மாலையில் வேலூருக்குப் பஸ் ஏறுவாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர், ராத்திரி டியூட்டி. பகலில் தூங்குவாள். ரங்கநாதராகப் பெருமாளே படுத்திருக்கிற ஊரில் தூக்கத்துக்குப் பஞ்சம் இருக்குமா என்பீர்கள். இருந்தது.

சரோஜா குறட்டை விட்டால் எதிர்வீட்டுக் கோழிகள் இடம் மாறும். அது எனக்குப் பயமில்லை. குறட்டை சட்டென்று நின்றுவிடும், கூடவே மூச்சும் நின்றுவிடும், அதுதான் பயம். மார்பு ஏறி இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். போய்விட்டாள் என்று முடிவுகட்டி, யார் யாருக்குத் தந்தி கொடுப்பது என்று யோசிக்கும்போது 'ஹக்' என்று திணறி மறுபடி ஆரம்பிப்பாள். இப்படி ஒரு தூக்கத்தில் எத்தனை முறை அவளைப் பறிகொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவளுக்கு எதுவும் தெரியாது. எழுந்தால் தலை கனக்கும், அவ்வளவுதான். ஆனால் டியூட்டியில் கண் சொருகியது. ஒரு பெரிய டாக்டர் போனை எடுத்து நம்பர் கேட்க, பதிலுக்குக் குறட்டை கேட்டிருக்கிறது. இன்னொரு தரம் நடந்தால் டெலிபோன் போர்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வெளிநாடு போய் இதையே படித்துவிட்டு, ஒரு காற்று மிஷினும் கொண்டுவந்திருந்தார். மூக்கின் மேல் மூடி ஒன்றை மாட்டி, குழாய் வழியாக மிஷின் காற்றை ஊதினால் தொண்டை அடைக்காமல் திறந்தே இருக்குமாம். மிஷின் நல்ல மிஷின்தான், மாவு மிஷின் சத்தம் போட்டாலும். மூடிதான் வெள்ளைக்காரர் மூக்குக்குச் செய்தது. டியூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே சரோஜாவைப் படுக்கவைத்து மூக்கில் வைத்தால் காற்றெல்லாம் மேலே ஏறிக் கண்ணுக்குள் அடித்தது.

"பஸ்ல முன்சீட்டுல ஒக்காந்து தூங்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

தோல்காரன் நான், சும்மா இருப்பேனா? பக்கிளும் வாரும் வைத்து மூடியை இழுத்துக் கட்டினேன். காற்று நின்றது. ஆனால் எழுந்தபோது கன்னம் இரண்டிலும் வார் பதிந்து சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைத் தனியாக அழைத்து, "வூட்ல ஏதாவது தகராறா?" என்று விசாரித்திருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

மூக்களந்தானைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விட்டதில்லை. அவளிடம் அவரைப் பற்றியும் அவரிடம் அவளைப் பற்றியும் சொன்னது அந்தப் பஸ் கண்டக்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூக்களந்தானே வந்து நின்றார், கையில் கம்பியோடு.

"எங்க என் தங்கச்சி?"

வந்ததும் வராததுமாகத் தங்கச்சி. அவளும் "வாங்கண்ணே" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து நான் தோஸ்த் இல்லை, மச்சான். கேட்காமலே ஒரு மைத்துனர். கல்யாணத்தின்போது வராமல், மூக்கு அளக்க வந்த மைத்துனர்.

"பாய் போடு மச்சான். தங்கச்சி, மல்லாக்க படும்மா."

"உக்காந்தே அளக்கலாமே?" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"கால நிக்க வெச்சு அளக்கணும், மூக்கப் படுக்க வெச்சு அளக்கணும். படுத்தா கன்னம் சரியும், மூஞ்சி வேற மூஞ்சி ஆய்டும். பெருமாளப் பாரு, எவ்ளோ காலமா படுத்துங்கிறாரு, ஒரு கொறட்டை கேட்டிருப்பியா? மூக்கு அமைப்பு அப்டி!"

என் மனைவி படுத்திருக்கிறாள். இன்னொரு மனிதர் அவள் மூக்கின் மேல் கம்பியை வளைத்துக்கொண்டிருக்கிறார். நான் காப்பித் தம்ளரோடு நிற்கிறேன். ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரர்கள். அளந்து முடித்து அவர் சொன்னார்: "ஆஹா! இது மூக்கு!" கட்டிய நாள் முதலாய் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் மூடியை ஆட்டுத் தோலில் செய்தார். மூச்சின் ஈரம் பட்டு அது ஊறித் தொங்கியது. கூடவே தோல் பதனிடுகிற வாடை. "தூங்கனா டேனரிக்குள்ள இருக்கற மாதிரி கனவு வருதுண்ணே" என்றாள். அடுத்தது தடித் தோல். கெட்டியாக இருந்தது, ஆனால் தலை திரும்பினால் ஓரத்தில் காற்று பீறிட்டது. மூக்களந்தானுக்குப் பேஜாராகிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, பம்பைக் கழற்றினார். உள்ளே கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர்.

"மச்சான்! இத யாராவது இழுத்துக் கட்டிக்கிறாங்களா? காத்து அழுத்த அழுத்த இதுவே விரிஞ்சு செவுத்தப் புடிச்சிக்குது. நீ வாரு போட்டு இழுத்தே. நான் தோலு போட்டு அடச்சேன். ரெண்டு பேரும் காத்தோட சண்டை போட்டோம். அத நம்ம பக்கம் சேத்துக்கணும்!"

டாக்டரம்மாவிடம் கேட்டு, ஆப்பரேஷன் கையுறை ரப்பரை வாங்கி, மூடியின் ஓரத்தை உள்பக்கமாக மெல்லிசாக மடித்து ஒட்டினார். காற்று வந்தால் அந்த மடிப்பு தானே உப்பி முகத்தில் பூப்போல ஒட்டிக்கொள்ளும். வாரைத் தளர்வாக விட்டாலே போதும். டாக்டரம்மா கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா விடுற மூச்சு வெளிய போக ஓட்டை வேணுமே" என்றார்.

மூக்களந்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "காத்து போவாம அடைக்கச் சொன்னீங்க. அடச்சதும் ஓட்டை போடுன்றீங்க!"

"விட்ட மூச்சையே திரும்ப இழுத்தா ஆபத்து மேஸ்திரி."

அந்தச் சொல்லுக்கு அவர் அடங்கினார். ஷூவில் லேஸ் கோக்கிற பித்தளை வளையங்களை வரிசையாக அடித்துக் கொடுத்தார். என் பம்பு மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை.

ஒத்திகை ஆஸ்பத்திரியிலேயே ஒரு மத்தியானம் நடந்தது. சரோஜா போட்டுக்கொண்டு படுத்தாள். மிஷின் ஓடியது. வலப்பக்க மூக்கோரம் 'புஸ்ஸ்ஸ்'. டாக்டரம்மா போட்டுப் பார்த்தார், சத்தமில்லை. நர்சுகள் போட்டார்கள், சத்தமில்லை. வார்டுபாய் போட்டுக்கொண்டு நிஜமாகவே தூங்கிவிட்டான், அவனை எழுப்ப வேண்டியிருந்தது. சரோஜாவுக்கு மட்டும் புஸ்ஸ்ஸ்.

மூக்களந்தான் கம்பியை எடுத்துப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மூக்கிடம் தோற்றுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் அல்லவா நான்!

"மேஸ்திரி, நீங்க அளக்கறப்போ அவ மூக்குத்தி போட்டிருக்கல."

"ஆமாண்ணே, கம்பியில மாட்டிக்கும்னு கழட்டி வெச்சேன்" என்றாள் சரோஜா.

"அவ்ளோதானா! கழட்டிட்டுத் தூங்கும்மா, வேலை முடிஞ்சுது."

"முடியாதுண்ணே. அது இவரு எனக்கு முதமுதல்ல வாங்கினது."

நான் நிமிர்ந்து நின்றேன். மூக்களந்தான் முன்னால் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. ஆனால் வழக்கமான பயம் உடனே பிடித்துக்கொண்டது. மூச்சை விடவா மூக்குத்தி பெரிது?

"கழட்டு சரோஜா. அவரு அளக்கறதுக்கு மட்டும் கழட்டுனியே?"

"அப்போ முழிச்சிருந்தேன்." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தூக்கத்துல எப்போ மூச்சு நிக்குதுன்னு எனக்கே தெரியறதில்ல. ஒரேடியா நின்னுட்டா, வெறும் மூக்கோட கெடக்க மாட்டேன்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது, கவலையெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்களந்தான் அந்த மூக்குத்தியின் மேல் கம்பியை ஒருமுறை வைத்து அழுத்தி எடுத்து, மூடியோடு கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மிஷின், குழாய், மூடி எல்லாவற்றையும் டாக்டரம்மா அனுமதியோடு தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மூடியின் ரப்பர் மடிப்பில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு குழி.

"மூக்குத்திக்கு ஒரு வூடு கட்டிட்டேன் தங்கச்சி. நீ ஒன்னும் கழட்ட வாணாம்."

மூக்குத்தியோடு படுத்தாள். மிஷின் ஓடியது. புஸ் இல்லை. குறட்டை இல்லை. எதிர்வீட்டுக் கோழிகள் திரும்பி வந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தமே வராமல் நேரம் போகப் போக எனக்கு வேர்த்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சரோஜா! சரோஜா!"

மூடியைத் தூக்கிக்கொண்டு முறைத்தாள். "கல்யாணம் ஆனதுல இருந்து இன்னிக்குதான் நல்லாத் தூங்கறேன். உங்களுக்குப் பொறுக்கலையா?"

வாசலில் நின்று மூக்களந்தான் சிரித்த சிரிப்பு ரங்கநாதருக்கே கேட்டிருக்கும்.

அவர் கிளம்பும்போதுதான் கவனித்தேன். மூடியின் இடப்பக்கமும் அதேபோல் ஒரு குழி.

"இது எதுக்கு மேஸ்திரி? இந்தப் பக்கம்தான் ஒன்னுமில்லையே?"

"அந்தப் பக்கமும் குத்திக்கணும்னு தங்கச்சிக்கு ரொம்ப நாளா ஆசையாம். உன்கிட்ட சொன்னா, காசுக்கு எங்க போறதுன்னு கவலப்பட்டே செத்துடுவியாம். அதான் என்கிட்ட சொல்லுச்சு. நீ வாங்கித் தர்ற வரைக்கும் வூடு காலியா இருக்கட்டும் மச்சான்."

என் மனைவியின் ஆசை எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். எரிந்துகொண்டேதான் அந்தத் தீபாவளிக்கு இரண்டாவது மூக்குத்தி வாங்கினேன். அவர் கண்ணாலும் பார்த்திராத அந்த மூக்குத்தி, குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. சரோஜாவும் போர்டிலேயே இருந்தாள், டியூட்டியில் முழித்துக்கொண்டு.

மூக்களந்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது எனக்கும் மூச்சு நிற்கிறது என்கிறார்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மூடி ஒன்று மாட்டியிருக்கிறேன். என்து ஸ்டாக் சைஸ்தானே, எந்தக் கடை மூடியும் பொருந்த வேண்டுமல்லவா? பொருந்தவில்லை. கண்ணுக்குள் காற்றடிக்கிறது. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை. தீர்ந்துபோனால் அவரை மறந்துவிடுவேனோ என்று, இப்போது அது வேறு ஒரு கவலை.